செத்தல் காயப்போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கப் போனவள்

கோப்பாயில் அந்த ஒழுங்கைக்குள் குணலட்சுமி என்று இரண்டு பேர். "மழைக்கு ஓடுற குணம்" என்று கேட்டால்தான் சரியான வீட்டைக் காட்டுவார்கள். வெங்காயம், புகையிலை, பனங்கிழங்கு ஒடியல், செத்தல் மிளகாய் என்று அவளுடைய வளவில் எப்போதும் ஏதோவொன்று காய்ந்துகொண்டிருக்கும். வானம் கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் போதும், கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் எழும்பிவிடுவாள். தன்னுடைய தாலி ஏறிய அன்றைக்கே கூறைச் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெங்காயம் அள்ளப் போனவள் என்று ஊரில் ஒரு கதை. அவளைக் கேட்டால், "வெங்காயம் நனைஞ்சால் ஆர் கொண்டுவந்து தாறது?" என்பாள். அதுவும் நியாயம்தானே.

புருஷன் கேதீஸ்வரன் தோட்டக்காரன். கோயில் பஜனைக்கு டோல்கி அடிக்கிறவன். மகன் லக்ஷன் கீபோர்ட் வாசிப்பான். மகள் தர்சிகா பாடுவாள். வீட்டில் ஒன்றும் தெரியாதவள் குணலட்சுமி மட்டும்தான். "கேக்கிறதுக்கும் ஒராள் வேணுமெல்லோ" என்று கேதீஸ்வரன் பகிடி விடுவான். அந்த ஒராளோ மகளுடைய ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டதில்லை. பள்ளிக்கூட விழாவிலும் சரி, கோயில் திருவிழாவிலும் சரி, பிள்ளை மேடையேறுகிற நேரம் பார்த்துத் தூறல் விழும், தாய் வாசலைத் தாண்டிவிடுவாள். ஒலிபெருக்கிதான் அரை ஊருக்குக் கேட்குமே. "றோட்டாலை போகப் போகக் கேட்டனான், நல்லாயிருந்தது" என்று பிறகு சொல்லுவாள். சின்ன வயதில் தர்சிகா அதை நம்பினாள். இப்போது இருபது வயது, நம்புவதாயில்லை.

ஆவணி மாதம், உடுவில் பக்கம் ஒரு மைதானத்தில் பகல் முழுக்க இசை விழா வைத்தார்கள். அதில் பின்னேரம் இவர்கள் மூன்று பேருக்கும் ஓர் இடம் கிடைத்தது. தர்சிகாவுக்கு இவ்வளவு பெரிய மேடை இதுதான் முதல்முறை. விழாவன்று காலையில் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அம்மா, இண்டைக்கும் எழும்பிப் போனியள் எண்டால், இனி என்ரை பாட்டுக்கு உங்களைக் கூப்பிடமாட்டன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் குணலட்சுமிக்குச் சுருக்கென்றது.

"சோளகக் காத்து வீசுற காலத்திலை என்னடி மழை? இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டன்."

அந்தத் துணிச்சலில்தான் முற்றத்தில் இரண்டு படங்கை விரித்து, அது நிறையச் செத்தலைப் பரப்பிவிட்டுக் கேற்றையும் பூட்டிக்கொண்டு புறப்பட்டாள். வேறு வருசமென்றால் கேற்றைப் பூட்டுவதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. மழை இருட்டினால் பக்கத்து வளவு மீனாம்பிகை அக்கா அதற்குள்ளால் வந்து அள்ளிவைப்பாள். அவளுடைய ஒடியலை இவள் அள்ளுவாள். போன மாசியில் மீனாம்பிகையின் ஆடு அதே பொட்டால் வந்து மிளகாய்க் கன்றுகளை மொட்டையடித்தது. இவள் ஒன்று சொல்ல, அவள் இரண்டு சொல்ல, கடைசியில் குணலட்சுமி காய்ந்த பனங்காவோலை வைத்து, முட்கம்பியும் இழுத்துப் பொட்டை அடைத்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

மைதானத்தில் நல்ல வெயில். நாதஸ்வரம் முடிந்து பறை முடிந்து, யாரோ பெடியங்களின் இசைக்குழுவும் முடிந்தது. வேப்பமரத்தின் கீழே குந்தியிருந்து, கொண்டுபோன புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் நாலு பேரும் சாப்பிட்டார்கள். குணலட்சுமி ஐஸ்பழம்கூட வாங்கிச் சூப்பினாள். இப்படி ஒரு நாள் சும்மா இருந்து எத்தனை காலம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர்களுடைய பெயரை வாசிக்கிற நேரம் தெற்கே கறுத்தது. மூன்று பேரும் தகரக் கூரை போட்ட மேடையில் ஏறினார்கள், முன்வரிசையில் அவள் இருந்தாள். முதல் துளி புறங்கையில் விழுந்தது. பிறகு கொட்டியது பாருங்கள், மார்கழியில்கூட அப்படிக் கொட்டாது. சனம் பிளாஸ்டிக் கதிரைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாலு பக்கமும் ஓடியது. குணலட்சுமி தான் எப்போது எழும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. மீனாம்பிகைக்குப் போன் எடுக்க நினைத்து, எந்த முகத்தோடு கேட்பது என்று விட்டாள். மதிலோரம் நின்ற ஸ்கூட்டியில் திறப்பைப் போட்டுத் திருகி, கெல்மெட்டையும் தலையில் கொழுவிவிட்டாள். இனி வழக்கம்போல ஒலிபெருக்கியில் மகளின் குரல் வரும், அதைக் கேட்டபடியே போகலாம்.

குரல் வரவில்லை. மழைக்குப் பயந்து கரண்டை நிற்பாட்டிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். லக்ஷன் செத்துப்போன கீபோர்ட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். கேதீஸ்வரன் டோல்கி அடித்துக்கொண்டிருந்தான். தர்சிகா வாயைத் திறந்து பாடுகிறாள், இங்கே ஒரு சத்தமும் இல்லை. பிள்ளையின் கண் முன்வரிசைக் கதிரையில் இருந்தது. இத்தனை வருசமும் பிள்ளை அந்தக் கதிரையைத்தானே பார்த்திருக்கும்.

"நாசமாய்ப் போகட்டும் செத்தல்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சேறு தெறிக்கத் தெறிக்க நடந்து முன்னால் வந்தாள். கதிரையைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தாள். அதில் விழுகிற மழைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. கதிரையை நிமிர்த்தி வைத்து, மேடையோடு ஒட்டி, அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருந்தாள். கெல்மெட் இன்னும் தலையில். அதைப் பார்த்துத் தர்சிகாவுக்குச் சிரிப்பு வந்து பாட்டு அறுந்துவிட்டது. குணலட்சுமி கெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அப்பா, முதலிலை இருந்து" என்றாள் தர்சிகா.

மழைக்கு மேலால் கேட்கவேண்டுமென்று பிள்ளை தொண்டை நரம்பு புடைக்கப் பாடினாள். நன்றாகப் பாடினாளா என்று குணலட்சுமியைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தன் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் இருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அழுதாள். நனைந்த முகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது.

வீட்டுக்கு வந்து கேற்றைத் திறக்கும்போது மழை விட்டிருந்தது. ஒரு படங்குச் செத்தல் முற்றத்து வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது. மற்றப் படங்கைக் காணவில்லை. வேலிப் பொட்டின் காவோலைகள் அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்டு, முட்கம்பி வளைந்து கிடந்தது. பொட்டுக்கு அந்தப் பக்கம், தன் விறாந்தையில் படங்கை விரித்துவைத்துக்கொண்டு மீனாம்பிகை நின்றாள். முழங்கையில் நீளக் கீறல்.

"மற்றதை இழுக்க என்னாலை ஏலாமல் போச்சு" என்றாள் மீனாம்பிகை.

"கையிலை என்னக்கா?"

"உம்மடை முட்கம்பிதான். அதை விடும். மழைக்குள்ளை பிள்ளை பாடினவளோ?"

குணலட்சுமி பொட்டுக்குள்ளால் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

"ஓமக்கா. முழுக்கக் கேட்டனான்."