மஞ்சூரில் நான் பார்க்காத காட்டெருமை

நீலகிரிக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். நான் போன மாதம் போனது வேவு பார்க்க. மஞ்சூரில் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கை சாந்தி, பதினோரு வருடமாகப் பார்த்த எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, தேயிலை பறிக்கும் பெண்களே நடத்துகிற கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சேரப்போவதாகப் போனில் சொன்னாள். திங்கட்கிழமை எஸ்டேட்டில் கடிதம் கொடுக்கிறாளாம். பி.எப்., போனஸ், சம்பளத்தோடு லீவு எல்லாம் உள்ள வேலை! அதற்குள் போய்த் தடுத்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தையலில் ஓட்டை கண்டுபிடிப்பதும், லீவு கேட்கிறவர்கள் சொல்லும் காரணத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதும்தான் என் பிழைப்பு. போன வருடம் சாந்தி இடுப்பில் அடிபட்டு மூன்று மாதம் படுத்திருந்தாள். வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கண்.

காலை ஐந்து மணிக்குத் திருப்பூரில் பஸ் ஏறினால், மேட்டுப்பாளையத்தில் மாறி, ஒன்பதரைக்கெல்லாம் ஊட்டி. அங்கிருந்து மஞ்சூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆனால் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்கிறார்கள். பிடுங்கியது எங்கே போகிறது என்று கேட்டேன், அடுத்த வண்டிக்குக் கையைக் காட்டப் போய்விட்டார்கள்.

கண்டக்டரிடம் சங்கத்தைப் பற்றி மெதுவாக விசாரித்தேன்.

"ஏனுங்க, நம்ம பொம்பளைங்க சங்கமா? அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோங்க. ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

இவ்வளவு ஆர்வமாக வழி சொல்கிறாரே, ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டோ என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை, எஸ்டேட்டுக்கு லீவு போட்டிருந்த சாந்தியோடு சங்கத்துப் பெண்கள் பறிக்கும் தேயிலைக் காட்டுக்குப் போனேன். கடிதம் கொடுக்கும்வரை சும்மா கூட வந்து பழகச் சொல்லியிருக்கிறார்களாம். இதுவும் ஒரு வலைதான். சங்கத்தின் இந்த வருடத் தலைவி பிலோமினா, நாற்பது வயதிருக்கும், பறித்துக்கொண்டே பேசினார்.

"எங்க ஒவ்வொருத்தருக்கும் துண்டு துண்டாத்தானுங்க நெலம். இன்னைக்கு ஒருத்தர் காடு, நாளைக்கு இன்னொருத்தர் காடுன்னு சேர்ந்து பறிப்போம். ஃபேக்டரிக்கு ஒரே லோடாப் போகுது. கூலி எல்லாத்துக்கும் ஒண்ணு."

"கை வேகமா இருக்கிறவளுக்கும் அதேதானா?"

"அவளுக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும்ங்க."

சாமர்த்தியமான பேச்சு. கீழே ஓடை ஓரமாக இரண்டு நிரைகளை யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள். களைக்கொல்லி அடிக்காததால் புல் மண்டிக் கிடந்தது. ஏதோ பங்காளித் தகராறு, மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டதற்கு, காட்டெருமை தண்ணிக்கு வருகிற வழி அது, வேலி போட்டு மறிக்க வேண்டாம் என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்ததாகப் பிலோமினா சொன்னார்.

பத்து மணி வாக்கில் மூடுபனி இறங்கியது. நாலு நிரை தள்ளி நிற்பவர் தலை தெரியவில்லை. திடீரென்று கீழ்க்கோடியிலிருந்து மாலா என்ற பெண், "ஏறு! ஏறு!" என்று கத்தினார். அவ்வளவுதான். பறித்த கொழுந்தை மூட்டையோடு போட்டுவிட்டு அத்தனை பேரும் மேலே ரோட்டுக்கு ஏறிவிட்டார்கள். சாந்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாகப் பனி. எருமையும் இல்லை, எலியும் இல்லை.

ரோட்டில் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார்கள், ஊட்டி வர்க்கி பிஸ்கட் எடுத்தார்கள். இந்த நேரத்துக்கும் கூலி உண்டாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் பாத்ரூமுக்குப் போய் அரைமணி நேரம் நிற்பார்களே, அதே வேலை.

"நெசமாலுமே பாத்தீங்களா?" என்று மாலாவைக் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அதக் கேக்கக் கூடாதுங்க," என்றார் பிலோமினா. "ஆரு கத்துனாலும் ஏறோணும். பாத்தியான்னு கேட்டவங்க அடுத்த கூட்டத்துல வாயத் தெறக்க முடியாது. அதான் எங்க ரூல்."

"பொய் சொன்னா?"

"சொல்லட்டுங்க. ஒரு மணி நேரக் கொழுந்து போகும். ஆளு போகாதில்லீங்க?"

நான் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தேன். சாந்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, நான் வழுக்கி உழுகலீங்ணா."

எஸ்டேட்டில் அன்றைக்கும் இதே போலப் பனி. புதருக்குள் கறுப்பாக ஏதோ படுத்திருப்பதைப் பார்த்து மேலே ஓடி வந்திருக்கிறாள்.

"மேஸ்திரி கேட்டாரு, 'நெசமாப் பாத்தியா, இல்ல சாக்குச் சொல்றியா'ன்னு. இப்ப நீங்க கேட்டீங்களே, அதே மாதிரி. ரெண்டு தடவ கேட்டதும் எனக்கே சந்தேகமாப் போச்சுங்ணா. மறுக்கா எறங்குனேன். முட்டித் தூக்கிப் போட்டுருச்சு."

"எங்கிட்ட ஏன் அம்மணி சொல்லல?"

"சொன்னா நீங்களும் பாத்தியான்னுதானே கேப்பீங்க?"

நான் பிடித்திருந்த டீ ஆறிப்போயிற்று. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வருடமாக நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

பனி விலகியபோது ஓடைப்பக்கம் ஒன்றும் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து புல் மிதிபட்டதாகக்கூடத் தெரியவில்லை. மாலா அன்று பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கிப் போய்ப் பார்க்கக் கால் துடித்தது. போகவில்லை. அவர்கள் மறுபடி இறங்கிப் பறிக்கத் தொடங்கினார்கள்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது சாந்தியிடம், "பி.எப். பணத்தை மட்டும் உடனே எடுத்துடாதே" என்றேன். சங்கத்தின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. தலைவி மாறினால் ரூல் மாறாதா? விலை விழுந்தால் ஒற்றுமை நிற்குமா? அதையும் அவளிடம் சொன்னேன். அதையெல்லாம் கூட்டத்தில் கேட்கலாம், கேட்கக் கூடாது என்று ரூல் இல்லை என்று சிரித்தாள். திங்கட்கிழமை கடிதம் கொடுத்துவிட்டாள்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். கடைசி பஸ் எப்போது என்று இறங்கியவுடனேயே விசாரித்து வையுங்கள். தேயிலைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். நுழைந்திருக்கும்போது யாராவது "ஏறு" என்று கத்தினால், போனைத் தூக்காமல், எங்கே என்று தேடாமல், ஏறிவிடுங்கள்.

அதே திங்கட்கிழமை கம்பெனியில் கடைசி டேபிள் பெண் வந்து தலை சுற்றுகிறது என்றார். அந்தக் கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கோம்மா" என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. கதவு வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.