என் கோட்டுக்குள் முதலாளி

சாரம் பகுதியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் என் பார்மசிஸ்ட் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. நான் கடையில் இருந்தால்தான் டாக்டர் சீட்டுக்குரிய மருந்தை விற்கலாம் என்பது சட்டம். அப்படியானால் நான் எப்போது சாப்பிடுவது? அதை எந்தப் புண்ணியவானும் யோசிக்கவில்லை.

முதலாளி யோசித்தார். மதியம் நான் உள்ளறைக்குச் சாப்பிடப் போனதும் என் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார். "பாக்கறவன் பார்மசிஸ்ட்டுன்னு நெனச்சிக்கட்டும். நீங்க நிம்மதியா சாப்புடுங்கம்மா." வேண்டாம் சார் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! வேலையை விடுகிறேன் என்றால் சான்றிதழைக் கழற்றித் தரமாட்டார். "வேற ஆள் கெடைக்கட்டும்மா" என்பார்.

அன்றைக்குச் சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தேன். வெளியே ஒரு பெண்குரல்: "இப்ப ஒருத்தருக்குத் தூக்க மாத்திரை குடுத்தீங்களே, சீட்டு எங்க?"

எச்சில் கையோடு ஓடினேன். மருந்து ஆய்வாளர் அம்மா நின்றிருந்தார். முதலாளியின் மீசைக்குக் கீழே, கோட்டில் குத்தியிருந்த என் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். வேறு கடையில் நடந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன்.

"இது உங்க பேரா சார்?"

முதலாளி என்னைக் காட்டினார். "அவங்கதான் குடுக்கச் சொன்னாங்க மேடம்."

அடப்பாவி!

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

கவுன்டரில் என்றால் மாத்திரை விற்ற பழி என் தலையில் விழும். உள்ளே என்றால், பார்மசிஸ்ட் இல்லாமல் விற்ற கடையின் பார்மசிஸ்ட் நான். "சாப்புட்டுட்டு இருந்தேன் மேடம்" என்றேன். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"சாப்புடப் போனா விக்கறத நிறுத்தச் சொல்லிட்டுப் போகணும். செவுத்துல இருக்கறது உங்க பேரு. பதிலும் நீங்கதான் சொல்லணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனாலேயே எனக்கு அழுகை முட்டியது.

எங்கள் இருவருக்கும் நோட்டீஸ் வந்தது. முதலாளியிடம் கடையைச் சில நாள் மூடச் சொல்வார்கள். எனக்குப் பதிவே போகலாம். அது போனால் எந்தக் கடையிலும் நான் மாத்திரையைத் தொட முடியாது. லாஸ்பேட்டையில் ஒரு கடையில் வேலை கேட்டுப் பார்த்தேன். "விசாரணை முடியட்டும், அப்பறம் வாங்க" என்றார்கள். திரும்ப இங்கேயேதான் வந்தேன்.

மறுநாள் மதியம் முதலாளி சிரித்த முகமாய்க் கோட்டுக்குக் கை நீட்டினார். "போய் சாப்புட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

கழுத்துப் பொத்தானையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன்.

"பசிக்கல சார்" என்றேன். காலையிலும் நான் சாப்பிட்டிருக்கவில்லை.