முன்சில்லு இழுக்கும் கார்

கார் விற்கிறவனுக்கு வாய் வேண்டும். எனக்கு அது கொஞ்சம் கூடவே இருந்தது. கண்டி நகரத்தில் ஜப்பான் கார்களை இறக்கி விற்ற ஒரு கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். கூட வேலை செய்தவர்கள் வாடிக்கையாளருக்கு நிறத்தையும் வானொலியையும் காட்டுவார்கள். நான் சட்டம் சொல்லுவேன்.

கம்பனிகள் அனுப்பும் கையேடுகளை ஒரு வரி விடாமல் வாசித்து வைத்திருந்தேன். எண்ணெய் விலை ஏறிய பிறகு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஒரு கம்பனி வருடம் முழுக்க விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். ஒரு கலன் பெற்றோலுக்கு இத்தனை மைல் என்ற அளவுக்குக் கீழே அது போனால் தண்டம். ஆகவே பெரிய கார் விற்க ஆசைப்படுகிறவன் அதை ஈடுகட்டச் சின்னக் கார்களையும் விற்றே ஆக வேண்டும். ஜப்பான்காரர்களும் தங்கள் நாட்டில் தங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு காரின் உடம்பே மாறிவிட்டது. தகடு மெலிந்தது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார்கள். எஞ்சினிலிருந்து பின்சில்லுக்கு, அதாவது பின் சக்கரத்துக்கு, ஓடும் நீளமான இரும்புத் தண்டை எடுத்து எறிந்துவிட்டு, முன்சில்லையே இழுக்க வைத்தார்கள். பாரம் குறைந்தது, பெற்றோல் மிச்சமானது. பின் இருக்கையின் காலடியில் இருந்த மேடும் போனதால் நடுவில் இருக்கிறவரும் வசதியாகக் கால் வைக்கலாம்.

வாங்க வந்தவர்கள் இதைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். முழுவதையும் கேட்டவர் அத்தான் ஒருவர்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கண்டியில் கணிதம் படிப்பித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தார்கள். நானும் அவர்களோடுதான் இருந்தேன். அவரிடம் ஒரு பழைய ஆங்கிலக் கார் இருந்தது. கறுப்பு, இரும்பு அலுமாரி மாதிரிப் பாரம், குடிப்பதோ கலன் கணக்கில் பெற்றோல். விடுமுறை வந்தால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஹேவாஹெட்டப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போவார். அங்கே பெரிய கிளாக்கராக இருந்தவர் அவருடைய நண்பர். "இது எந்த ஏத்தமும் ஏறும், எனக்கு இது காணும்" என்பார். நான் விடுவேனா? ஆறு மாதம் அவர் காதைத் தின்றேன். கடைசியில் என் ஆய்க்கினை தாங்க முடியாமல் கறுப்புக் காரை விற்று, முன்சில்லு இழுக்கும் ஜப்பான் சின்னக் கார் ஒன்றை எடுத்தார். கடைக்கு ஒரு விற்பனை கிடைக்கட்டும் என்று நான் செய்ததில்லை. அக்கா வீட்டு வாசலில் புதுக் கார் நிற்க வேண்டும் என்ற ஆசை, என் சொல் எடுபட வேண்டும் என்ற பெருமை, வேறொன்றும் இல்லை.

அத்தானுக்கும் அந்தக் கார் பிடித்துப்போயிற்று. வகுப்பில் சராசரி படிப்பிக்க நான் சொன்ன சட்டத்தையே உதாரணமாக எடுத்தாராம். அதை அவர் வந்து சொன்ன அன்று நான் இரண்டு பிடி கூடச் சாப்பிட்டேன்.

பிறகு எண்பத்துமூன்றாம் ஆண்டின் அந்த ஆடி மாதம் வந்தது. நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்த புகை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலிருந்தே தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை இரண்டு நாள் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியது. மூன்றாம் நாள் ஊரடங்கைச் சில மணித்தியாலம் தளர்த்தினார்கள். கலவரக் கூட்டம் தமிழரை வீடு வீடாகத் தேட வரப்போகிறது, இப்போதே போய்விடுங்கள் என்று அந்த வீட்டுக்காரர் கண் கலங்கிச் சொன்னார். தோட்டத்துக் கிளாக்கர் ஏற்கெனவே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அத்தான் கார்த் திறப்பை என் கையில் தந்தார்.

"நீ ஓட்டு தம்பி. இதின்ரை குணம் உனக்குத்தான் தெரியும்."

முன்னால் நானும் அத்தானும். பின்னால் அக்காவும் மூன்று பிள்ளைகளும். டிக்கிக்குள் இரண்டு சூட்கேஸ், ஒரு மூட்டை அரிசி, அத்தானின் புத்தகங்கள். காரின் பின்பக்கம் நிலத்தில் குந்தியிருப்பதுபோல் தாழ்ந்திருந்தது. தெருவில் எங்களை யாரும் மறிக்கவில்லை. ஹேவாஹெட்ட வீதியில் ஏறியதும் அக்கா அழுகையை நிறுத்தினாள். தோட்டத்துக்குத் திரும்பும் மண் பாதைக்கும் வந்துவிட்டோம். அதற்கு மேல் இரண்டு மைல்தான்.

இரண்டு நாள் மழையில் பாதை சிவப்புச் சேறாகிக் கிடந்தது. முதல் வளைவு நல்ல செங்குத்து. அதில் முன்சில்லுகள் நின்ற இடத்தில் நின்று சுற்றின. நான் பின்னால் விட்டு வேகமாக ஏற்றிப் பார்த்தேன். மூன்று தரம். கிளச் கருகி மணத்தது. அத்தான் இறங்கித் தள்ளினார். சேறு அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது. கார் அசையவில்லை. கீழே பெரிய வீதியில் எங்கேயோ கூச்சல் கேட்டது.

"பாரம் கூடிப்போச்சு அத்தான்" என்றேன்.

அதைச் சொன்னவன் நான். அவர் ஒரு கணம் காரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"அப்ப சாமானை இறக்குவம். நானும் இதிலை நிக்கிறன். நீ இவையளைக் கொண்டுபோய் விட்டிட்டு வா."

சூட்கேசையும் மூட்டையையும் புத்தகங்களையும் பாதையோரத்தில் இறக்கி வைத்தோம். கார் வழுக்கி வழுக்கி ஏறியது. அக்கா பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாக்கர் வீட்டில் அவர்களை இறக்கிவிட்டு, அரை மணித்தியாலத்தில் அத்தானோடு வந்துவிடுவேன் என்றேன்.

நான் திரும்பி வந்தபோது சூட்கேஸ்கள் திறந்து கிடந்தன. பிள்ளைகளின் உடுப்புகள் சேற்றில் கிடந்தன. அரிசி கொட்டுண்டு கிடந்தது. அத்தானைக் காணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் பயம். தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித் தேடினேன், எந்தப் பக்கம் என்று தெரியாமல். அடுத்த நாள் தோட்டத்து ஆட்கள் கீழே ஓடைக்கரையில் அவருடைய உடலைக் கண்டார்கள். அடையாளம் காட்டியவன் நான்.

அக்காவும் பிள்ளைகளும் அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய், சில வருடங்களில் வெளிநாடு போனார்கள். நான் போகவில்லை. கடை எரியாமல் இருந்தது. அதே கார்களை விற்றேன், சட்டத்தைச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். அக்கா ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. "கார் ஏறேல்லை, நீ என்ன செய்யிறது" என்று கடிதத்தில் எழுதுவாள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். நானும் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வடக்கில் சண்டை மூர்க்கமாக நடந்த ஒரு வருடம். பல்லேகலப் பக்கம் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். அன்றும் மழை. வாசல் ஏற்றத்தில் அத்தானுடையது போலவே ஒரு சின்னக் கார் வந்து, சில்லுச் சுற்றி நின்றது. அதை ஓட்டி வந்தவர் ஒரு தோட்டத்துச் சாரதி. அவர் பதறவே இல்லை. கீழே போய்க் காரைத் திருப்பி, பின்பக்கமாகவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரிடம் போய், ஒரு வாடிக்கையாளருக்கு நடந்தது என்று சொல்லி அந்த வளைவின் கதையைச் சொன்னேன். யார் எங்கே இருந்தார்கள், எதை இறக்கினோம் என்பது மட்டும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முன்னால உக்காந்திருந்தவர ஏங்க எறக்குனாங்க? இழுக்கிறது முன் வீலு. அதுமேல பாரம் இருந்தாத்தானே புடிக்கும்? டிக்கி சாமான மட்டும் எறக்கியிருந்தா அவரோடயே ஏறியிருக்கும். இல்லாட்டி இப்ப நான் செஞ்ச மாதிரி திருப்பிப் போட்டு ஏத்தியிருக்கலாம், பாரம் தன்னால முன் வீலுக்கு வந்துரும்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இழுப்பது முன்சில்லு என்று கண்டி முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். அது ஏன் அப்படி, எந்தச் சட்டத்தால் அப்படி என்றெல்லாம் சொன்னவன். ஏற்றத்தில் பாரம் பின்னால் போய்விடும் என்பது அந்த வாய்க்கு வரவில்லை. கம்பனிகள் மைல் கணக்குப் பார்ப்பது ஒரு அறைக்குள், உருளைகளின் மேல் காரை ஓடவிட்டு. கையேட்டில் சேறும் இல்லை, செங்குத்தும் இல்லை. சட்டத்திலும் பிழை இல்லை, காரிலும் பிழை இல்லை. காருக்குள் இருந்திருக்க வேண்டிய ஒரே மனிதரை நான் கீழே இறக்கிவிட்டேன்.

அன்று முதல் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. தூக்கம் கெட்டது, கோபம் கூடியது, கல்யாணம் பேசி வந்தவர்களையும் திட்டி அனுப்பினேன்.

சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணப் பாதை திறந்த காலத்தில் அக்கா வெளிநாட்டிலிருந்து வந்தாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நானே ஒரு வான் வண்டியை ஓட்டி, அவளை முன் இருக்கையில் இருத்திக் கூட்டிக்கொண்டு போனேன். பாதைக்குத் தார் போட்டிருந்தார்கள். வளைவடியில் இறங்கி அக்கா கைகூப்பிக் கும்பிட்டாள். பிறகு என் தோளைத் தடவி, "நீ இன்னும் இதையே நினைச்சுக்கொண்டு இருக்கிறாய் போலை. கார் ஏறேல்லை தம்பி, விடு" என்றாள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சாரதி சொன்னதை, அத்தான் முன்னால் இருந்திருந்தால் ஏறியிருக்கும் என்பதை, திருப்பி ஏற்றியிருக்கலாம் என்பதை. சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு இலேசானது. வெட்கக்கேடு, உண்மையிலேயே இலேசானது.

அக்கா அழவில்லை.

"கார் ஏறேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் படுத்தெழும்பினனான்" என்றாள். "இனி நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டு படுக்கிறது?"

திரும்ப வண்டியில் ஏறும்போது அவள் முன் இருக்கைக்கு வரவில்லை. பின்னால் போய், கதவோரமாக இருந்துகொண்டாள்.