உட்காரும் பரீட்சை

“இன்னைக்கு நீங்க ஜப்பான்” என்று சொல்லி, சோற்றுத் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி புருஷன் றோலண்டின் முன்னால் குனிகிறாள் ஜொய்சி. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிக் களைத்து வந்த மனிதன் தட்டை எட்டிப் பிடிக்கிறான். அவளா கொடுப்பாள்! அவனும் குனிய வேண்டுமாம். “நேத்து என்னைய சவூதி ஆக்குன. அதுக்கு முந்தி கொரியா. இன்னைக்காவது றோலண்டா இருந்து திங்க விடு புள்ள!” என்று அவன் கெஞ்சுவது லயத்து வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளிக் கேட்கும். கேட்ட வீடுகளிலிருந்து சிரிப்பும் திரும்பி வரும்.

ஜொய்சிக்கு வயது முப்பத்தெட்டு. நல்லதண்ணி போகும் வழியில் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே ஏழு வருடமாகப் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். முன்வாசல் மேசையில் விருந்தாளிகளை வரவேற்கும் வேலை காலியானபோது, “நான் செய்றேனே மெடம்” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். ஹோட்டலை நடத்தும் மெடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்கொரு சான்றிதழ் வேண்டும் என்றார். ஹட்டனில் ஒரு கல்லூரி சனிக்கிழமைகளில் நடத்தும் ஒன்பது மாதப் படிப்பு. ‘உலக விழிப்புணர்வும் பண்பாட்டுத் தேர்ச்சியும்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பது றோலண்டின் புகார்.

அவள் படிக்கிற விதமே தனி. துவைத்த விரிப்புகளுக்கு நடுவே, நாட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டாகக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். அராபியருக்கு இடக்கையால் கொடுக்காதே. ஜப்பான்காரர் சோற்றில் குச்சியை நட்டு வைக்காதே. வெள்ளைக்காரரிடம் சம்பளம் கேட்காதே. கடைசி விதியை மட்டும் இரண்டு சீட்டில் எழுதியிருக்கிறாள். ஏனென்றால் ஒருவரைப் பார்த்த ஐந்தாவது நிமிடம் ‘எத்தன புள்ளைங்க, என்ன சம்பளம்’ என்று கேட்காவிட்டால் அவளுக்கு நாக்கு நமநமக்கும். காற்றடித்தால் நாடுகள் எல்லாம் பறக்கும். “மாயாண்டி அண்ணே, ஜெர்மனி ஒங்க கோவாப் பாத்தியில விழுந்திருச்சு, கொஞ்சம் எடுத்துத் தாங்க!” என்று பங்களாத் தோட்டக்காரரை விரட்டுவாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கோஸ் இலையிலிருந்து ஜெர்மனியை எடுத்து, தட்டித் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்றொரு புள்ளி. கூடப் படித்த இருபது வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மிச்சம் இருந்தது செய்முறைப் பரீட்சை. வேறு தேசத்தவர் ஒருவரை அரை மணி நேரம் உபசரிக்க வேண்டும். எதிரே சமமாக உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான். இதில் போய் யாராவது கோட்டை விடுவார்களா?

ஜொய்சி விட்டாள். விருந்தாளியாக வந்தது நோர்வேயிலிருந்து ஒரு டீச்சரம்மா. ஜொய்சி சிரித்து வரவேற்றாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், தேநீர் ஊற்றினாள், ரோல்ஸை எடுத்து வைத்தாள். எல்லாம் கச்சிதம். பிறகு மூன்றடி பின்வாங்கி, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டாள். டீச்சரம்மா பார்த்தார். மலையகத்து விருந்து முறை இதுதான் போலிருக்கிறது என்று, மரியாதையாகத் தானும் எழுந்து நின்றார். அரை மணி நேரம் இருவரும் நின்றபடியே மழையைப் பற்றிப் பேசினார்கள். தேநீரில் ஆடை படிந்துவிட்டது. புள்ளி போட வந்த சுதர்ஷினி மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “உபசாரம் நூத்துக்கு நூறு அக்கா. ஆனா நீங்க ஒக்காரவே இல்லையே!”

“ஒக்காரத்தான் மிஸ் நெனச்சேன். காலு கேக்கல.”

எப்படிக் கேட்கும்? தோட்டத்துப் பாதையில் மனேஜர் துரையின் ஜீப் வந்தால், குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிற கால் அது. கொட்டுகிற மழையிலும் மடக்குவார்கள். இப்போது யாரும் மடக்கச் சொல்வதில்லை. துரைக்கே அது சங்கடம்தான். ஆனாலும் ஜொய்சியின் அம்மா மடக்கினாள், ஜொய்சியும் மடக்குகிறாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. வெட்கத்தைவிட, தன் கால் மேலேயே கோபம்தான் அதிகமாக வந்தது. இனி ஒரே ஒரு தடவைதான். அதிலும் தவறினால் அடுத்த வருடம். முன்வாசல் வேலை அதுவரை காத்திருக்காது.

வீட்டில் றோலண்ட் துரையானான். மழைக்கோட்டை மாட்டி, யாரிடமோ தொப்பி ஒன்றை இரவல் வாங்கி, செருமிக்கொண்டு உள்ளே வருவான். பெஞ்சில் இருக்கும் ஜொய்சி விசுக்கென்று எழுந்துவிடுவாள். “அடியேய், நான்தான்டி! கொழுந்து லொறிக்காரனுக்கா எந்திரிக்கிற?” பதினான்கு தடவை எழுந்தாள். பதினைந்தாவது தடவை, பெஞ்சை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். றோலண்ட் தொப்பியைத் தூக்கி எறிந்து விசிலடித்தான்.

இரண்டாம் பரீட்சை பங்களா விறாந்தையிலேயே நடந்தது. மெடம்தான் இடம் கொடுத்தார். அதே டீச்சரம்மா. ஜொய்சி உட்கார்ந்தாள்! வேர்த்துக் கொட்டியது, இருந்தாலும் உட்கார்ந்தாள். பேச்சு நோர்வே மீனில் தொடங்கி நெத்தலிக் கருவாட்டுக்கு வந்து, இருபது நிமிடம் சுகமாக ஓடிவிட்டது. இன்னும் பத்து நிமிடம்.

அந்த நேரம் பார்த்துத்தானா தோட்டத்துப் பெரிய துரை படியேறி வர வேண்டும்? சாயங்காலத்தில் சும்மா எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். மாயாண்டி அண்ணன் தலைத்துண்டை உருவிக்கொண்டு நிமிர்ந்தார். கதவடியில் நின்ற மெடம் ஓரடி ஒதுங்கினார். மூலையில் புள்ளித்தாளோடு உட்கார்ந்திருந்த சுதர்ஷினி மிஸ், அவரும் லயத்துப் பிள்ளைதானே, தன்னையறியாமல் எழுந்தே விட்டார். எல்லோரும் எழுவதைப் பார்த்த டீச்சரம்மாவும் பதறி எழுந்தார்.

ஜொய்சியின் குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. நாற்காலி விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். துரை மேசையருகே வந்து நின்று, விறாந்தையில் உட்கார்ந்திருந்த ஒரே ஆளைக் குனிந்து பார்த்தார்.

“வாங்க தொரை” என்றாள் ஜொய்சி. “தேத்தண்ணி சூடா இருக்கு, ஒரு வாய் குடிங்க.”

எழுந்திருக்கவில்லை. மேசைக்கடியில் காலை நீட்டி, காலியாகக் கிடந்த மூன்றாவது நாற்காலியை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.