எல்ல என்றால்

அழகர் எல்ல டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார். சிங்களத்தில் எல்ல என்றால் நீர்வீழ்ச்சி. ஸ்பெயினிலிருந்து வந்த ஒருத்தி ஊர்ப் பலகையிலிருந்த இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இப்படி எழுதினால் எங்கள் பாஷையில் 'அவள்' என்றாள். அடிப் பாவி, அவள் இங்கே எங்கே இருக்கிறாள் என்று அழகர் மனசுக்குள் நொந்துகொண்டார். அவர் மனைவி ஜீவராணி சைப்பிரஸில், ஒரு கிழவிக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள்.

அங்கேயும் அந்தப் பாழாய்ப்போன சொல் விடவில்லை. போனில் நாலு வார்த்தை பேசுமுன் கிழவி "எலா, எலா" என்பாள். 'வா' என்று அர்த்தமாம். ஜீவராணி உடனே "எர்கோமே" என்பாள். 'வர்றேன்' என்று அர்த்தமாம். அத்தோடு போன் கட்.

போன வாரம் மகள் நிரோஷி பெரிய மனுஷியானாள். தேயிலைத் தோட்ட லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் சேலையை மறைப்பாகக் கட்டி உட்கார வைத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா வரவேண்டும், வருவதாகச் சொல்லும்வரை சாப்பிடமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தது. பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. பெற்ற தகப்பன் சேலைக்கு இந்தப் பக்கம் நின்று கையைப் பிசைவதைத் தவிர என்ன செய்வான்?

ஒப்பந்தம் முடியாமல் ஏஜென்சிக்காரன் விடமாட்டான் என்பது அழகருக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை காலமும் "நாங்க சமாளிச்சுக்கிறோம்" என்றே சொல்லிவந்தார். அன்றைக்கு முடியவில்லை. வாசலில் நின்று போன் போட்டார்.

"வந்துரு புள்ள. என்னால முடியல."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கிழவியின் குரல்.

"எலா! எலா!"

"எர்கோமே," என்றாள் ஜீவராணி. செருப்புச் சத்தம் தள்ளிப்போனது. போன் கட்டானது.

அழகர் உள்ளே வந்தார். சேலைக்கு அந்தப் பக்கமிருந்து மகள் கேட்டாள்.

"அம்மா என்னாப்பா சொல்லுச்சு?"

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"வர்றேன்னு சொல்லுச்சும்மா."

உள்ளே சோற்றுத் தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.