செம்பூரிலிருந்து தாராவிக்கு: தூங்கிய ஜெபாவும் என் பின்னப் பாடமும்

ஆசிரியர் பயிற்சியில் இது எனக்குக் கடைசி ஆண்டு. பாடம் நடத்திக் காட்ட எனக்கு ஒதுக்கிய இடம் தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளி. "செம்பூர்லேர்ந்து பக்கந்தானே" என்றார்கள் தோழிகள். காலை ஏழு மணிக்கு மும்பையின் ஹார்பர் லோக்கல் ரயிலில் ஏறிப் பார்த்தால் தெரியும். குர்லாவில் பிதுங்கி இறங்கி, பாலம் ஏறி, வண்டி மாறி, சயானில் இறங்கி நடக்க வேண்டும். டிக்கெட் ஐந்து ரூபாய்தான். பள்ளி வாசலை மிதிக்கும்போது பாதித் தெம்பு போயிருக்கும்.

போன வியாழக்கிழமை என் பாடத்தைப் பார்வையிட மாட்டுங்காவிலுள்ள எங்கள் கல்லூரியிலிருந்து பேராசிரியை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள். ஆரம்பித்ததுமே ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், ஜெபா தூங்கிட்டிருக்கா. அவ அம்மா ஆஸ்பத்திரில கெடக்கா. ராத்திரிபூரா தம்பி அழுதானாம். எழுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன். மணி அடிக்கும்வரை ஜெபா தலை தூக்கவில்லை.

வெளியே வந்ததும் பேராசிரியை கேட்டார்: "பாடம் நன்னாத்தான் இருந்தது. ஒரு கொழந்தை முழுக்கத் தூங்கிண்டிருந்தாளே, எழுப்ப வேண்டாமா?"

"கத்துக்கத் தயாரா இல்லாத பிள்ளைக்கு எதுவும் ஏறாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"சொன்னேன். அப்போ அவளுக்குப் பின்னத்தை யார் சொல்லித் தருவா?"

 எனக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு இடைவேளையில் படுக்க இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் ஜெபாவைத் தேடிப் போனேன். முகம் கழுவியிருந்தாள். ஒரு தாளைக் கொடுத்து, "இதுதான் சப்பாத்தி. வீட்டுல எல்லாருக்கும் சமமா வர்ற மாதிரி மடி" என்றேன்.

தாளை நாலாக மடித்துப் பிரித்தாள்.

"இப்ப வீட்டுல எத்தனை பேரு?"

"மூணு பேருதான் டீச்சர். அம்மா வந்துருவால்லா? அதான் நாலா மடிச்சேன்."

நான் திருத்தவில்லை. "ஒரு பங்குக்குப் பேரு கால்" என்றேன். ஒவ்வொரு கட்டத்திலும் அதை எழுதினாள்.

பயிற்சிக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் சயானில் மேற்குப் பக்கம் இறங்குங்கள். பாடத்துக்குச் செய்த அட்டை மாதிரிகளைக் குர்லா கூட்டத்தில் தூக்கி வராதீர்கள், நசுங்கிவிடும். வெறும் தாளே போதும். பிள்ளை தயாராகும்வரை காத்திருக்க வேண்டும் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். அவள் கண் விழிக்கும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உடம்பெல்லாம் வலி. இருந்தாலும் மறுநாளும் தாளோடு ஜெபாவிடம் போனேன். மூன்றாக மடிப்பது அவளுக்கு இன்னும் வரவில்லை.