குபாத் உடம்பு ஏற்றிய ஆண்டு

என் தம்பி குபாத்தின் பெயருக்கு எங்கள் மொழியில் வலிமை என்று பொருள். பதினாறு வயது வரைக்கும் அந்தப் பெயரே அவனுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. நீண்ட கழுத்து, துருத்திய தோளெலும்பு. பனிக்காலக் கோட்டை மாட்டிக்கொண்டால் கோட்டு மட்டும் தனியாக நடந்து வருவது போலத் தெரியும். எங்கள் வழக்கத்தில் மருமகளாக வந்தவள் கணவனின் தம்பி தங்கைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பாள். எங்கள் அண்ணி ஜிபார் அவனுக்கு வைத்தது 'கோட்டு ஸ்டாண்டு'.

"கோட்டு ஸ்டாண்டு, டீ ஆறுது, வா!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். அவன் கோபப்பட மாட்டான். வந்து உட்கார்ந்து குடிப்பான்.

எங்கள் மலையூர் கோச்கோரின் பழைய பால் பண்ணைக் கட்டடத்தில்தான் பளுதூக்கும் கூடம் இருந்தது. முதலில் அவன் அங்கே போனது கணப்புக்காக. மாலையில் எங்கள் வீட்டைவிட அங்கே நன்றாக நெருப்பு எரியும். பிறகு இரும்பைத் தொட்டான். அதோடு சரி, வேறு எந்த விளையாட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. பயிற்சியாளர் அசாத் எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். முப்பது வயதுகூட ஆகாதவர், பொறுமை குறைவு.

அந்த வசந்தத்தில் அவர் குபாத்திடம் சொன்னது இவ்வளவுதான்: "தூக்குற முறையில உங்கிட்ட குறை இல்லடா. தூக்குறதுக்கு உடம்புதான் இல்ல. எடை ஏத்திட்டு வா."

இலையுதிர் காலத்தில் நாரினில் மாகாணப் போட்டி. அறுபத்தேழு கிலோப் பிரிவில் முதலாவதாக வருகிறவனுக்குத் தலைநகரில் விளையாட்டு விடுதிப் பள்ளியில் ஓர் இடம் கிடைக்கும். எங்கள் ஊரிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவனைத்தான் அனுப்பலாம். குபாத் அந்த இடத்தை எவ்வளவு விரும்பினான் என்பதை அவன் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் பள்ளிக்குப் போகும் முன் மருந்துக்கடைத் தராசில் ஏறி நின்றான்.

வீட்டுக்கு வந்து, "அபா, எனக்கு எடை கூடணும்" என்றான். அபா என்றால் அம்மா. எங்கள் அம்மா சொனுனுக்கு அதைவிட இனிமையான சொல் வேறில்லை. எடை ஏற்றுவது அவள் அறியாத வேலையா? இலையுதிர் காலத்து ஆட்டுக்கும், பனிக்கால இறைச்சிக்காக வளர்க்கும் குதிரைக்கும் வருடா வருடம் செய்வதுதானே. செம்மறியாட்டு வால் கொழுப்பை வேகவைத்துத் துண்டு துண்டாக வைத்தாள். ரொட்டியின் மேல் பாலாடையை விரல் கனத்துக்குத் தடவினாள். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்குக் கிண்ணம் காலியாவதற்குள் நிரம்பியது. டீயில் சர்க்கரை, சர்க்கரைக்கு மேல் ஜாம்.

எடை ஏறியது. கன்னம் உப்பியது. தெருவில் பெண்கள் நிறுத்திப் பார்த்துக் கண் படக்கூடாது என்று துப்பிவிட்டுப் பாராட்டினார்கள். அபா நிமிர்ந்து நடந்தாள். இரும்பு மட்டும் முன்பு நின்ற எடையிலேயே நின்றது.

ஒரு மாலை நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அசாத் அவனுடைய சட்டையைத் தூக்கி இடுப்புச் சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?"

"எடை, பைகே. நீங்கதான் கேட்டீங்க." பைகே என்றால் அண்ணன்; ஆசிரியரையும் அப்படித்தான் அழைப்போம்.

"நான் சதை கேட்டேன். நீ வாலு வளர்த்துட்டு வந்திருக்க, அதுவும் முன்பக்கமா." கூடத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அசாத் என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மாகிட்ட சொல்லும்மா. கரா எத் மட்டும் குடுக்கச் சொல்லு. முட்டை, வடிகட்டின தயிர், கோதுமைக் கஞ்சி. நல்லாத் தூங்கணும். கோடை முடியிறதுக்குள்ள இந்த இரும்பு ஏறலைன்னா நான் எசென்தூரைத்தான் நாரினுக்கு அனுப்புவேன்." எசென்தூர் அதே எடைப் பிரிவில் பயிற்சி எடுத்த இன்னொரு பையன்.

கரா எத் என்றால் கருப்பு இறைச்சி. கொழுப்பே இல்லாத தனிச் சதை. கடைக்காரரிடம் கேட்பது எளிது, ஆனால் தினமும் வாங்கக் காசு இல்லை. எங்கள் வீட்டிலும் கோடையில் இறைச்சி அபூர்வம். ஆடுகள் அப்பாவோடு மலைப் புல்வெளியில் இருக்கும். கோடையில் ஊரில் காசில்லாமல் இறைச்சி கிடைக்கும் இடம் விருந்துதான். விருந்தில் வயதுக்கும் உறவுக்கும் தகுந்த எலும்பு ஒவ்வொருவருக்கும் வரும். தின்றது போக மீதியைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பங்குக்குக் கெஷிக் என்று பெயர். அதில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மரியாதை. கருப்பு இறைச்சியை மட்டும் ஒருவருக்குக் கொடுத்தால் அவரை அவமதித்ததாக ஆகும். கருப்பு இறைச்சியை மட்டும் கேட்டால்?

அதையும் அபா செய்தாள். கால்பூபூ பெரியம்மா எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி. அவள் மகன் கல்யாணத்தில் கெஷிக் கட்டும் நேரம். பைக்குள் போகவிருந்த வால் கொழுப்பை அபா கையால் தடுத்தாள்.

"இது வேணாம் கால்பூபூ. கருப்பா இருக்கறதா பாத்துப் போடேன்."

கால்பூபூவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்ன?"

"கொழுப்பு வேணாம்னு சொன்னேன்."

"என் ஆட்டுக் கொழுப்புக்கு என்ன குறை? நோய் ஆடுன்னு சொல்றியா? இல்ல, மெலிஞ்ச ஆட்டை அறுத்துக் கல்யாணம் பண்ணிட்டேன்னு ஊருக்குச் சொல்லப் போறியா?"

ஜிபார்தான் நடுவில் புகுந்தாள்.

"ஐயோ பெரியம்மா, உங்க ஆட்டுல குறையே இல்ல. எங்க வீட்டுல ஒரு ஓநாய் வளருது, அது கருப்பு மட்டும்தான் தின்னும். எங்க கோட்டு ஸ்டாண்டைச் சொல்றேன். வாத்தியார் உத்தரவு! கொழுப்பு தின்னா நாரினுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாராம்."

"நாரினுக்கா? எதுக்கு?"

"இரும்பு தூக்க. ஜெயிச்சா தலைநகர் போவான். தோத்தா இங்கேயே உக்காந்து உங்க போர்சோக்கைக் காலி பண்ணுவான்."

கால்பூபூ ஜிபாரையும் அபாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். ஒரு தொடையெலும்பிலிருந்து சதையை வழித்தெடுத்துப் பையில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். "முதல்லயே சொல்றதுக்கென்ன? நம்ம தெருப் பையன் தலைநகர் போறான்னா ஒரு ஆடு பெருசா?"

அந்தக் கோடை முழுவதும் ஊரில் எங்கே விருந்து நடந்தாலும் எங்கள் வாசலுக்கு ஒரு பை வந்தது. ஆட்டுச் சதை, குதிரைச் சதை, சில நாள் யாக் இறைச்சி. வெறும் சதையைக் கொடுத்தனுப்ப வெட்கப்பட்ட பெண்கள் அடியில் ஒரு துண்டு வாலை ஒளித்து வைத்திருப்பார்கள். அதை ஜிபார் தேடி எடுத்துத் தின்பாள். "தியாகம் பண்றது நான், பேரு வாங்கறது இவன்" என்பாள்.

குபாத் உழைத்தான். இரும்பைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதையே அசாத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். வீட்டுக்கு வரும்போது படி ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்வான். சாப்பிட்டுத் தூங்குவான்.

பிறகு தராசு இறங்கியது. இடுப்பு கரைந்தது, கன்னம் வற்றியது. அபா பயந்துவிட்டாள். ஒரு மதியம் கொழுப்பும் பாலாடை தடவிய ரொட்டியுமாக ஒரு தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"தின்னுடா கண்ணு. ஒரு தட்டுதானே. யாரு வாத்தியார்கிட்ட சொல்லப் போறா?"

அவன் தட்டைப் பார்த்தான். ரொட்டியில் ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். ரொட்டியைக்கூடத் தொடாமல் எழுந்துபோவது எங்களிடம் இல்லாத வழக்கம். பிறகு தட்டை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினான்.

"வேணாம் அபா."

"தராசு இறங்குது. நீ தட்டைத் தள்ளுற."

"இரும்பு ஏறுது அபா. போன வாரத்தைவிட ஏறுது. வந்து பாருங்க."

அவள் போனாள். அதுவரை அந்தக் கூடத்துக்குள் அவள் கால் வைத்ததில்லை. வசந்தத்தில் அவனை முறைத்துக்கொண்டு கிடந்த அதே எடை அவன் தலைக்கு மேலே போய் நின்றதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தயிரை வடிகட்டத் துணி தேடினாள். கோடைக் கடைசியில் தராசு மறுபடியும் ஏறத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக. இந்த முறை கன்னம் உப்பவில்லை. பள்ளிச் சட்டை முதுகில் கிழிந்தது. கால்சட்டை இடுப்பில் தொளதொளத்தது, தொடையில் ஏறவில்லை. அசாத் எசென்தூரின் பெயரை மறுபடி எடுக்கவில்லை.

நாரினுக்குக் கால்பூபூ மகனின் காரில் போனோம். ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்கும் சுற்று முதலில். மூன்று வாய்ப்பு, மூன்றும் போனால் போட்டியே போய்விடும். குபாத்தின் முதல் தூக்கு முன்னால் சரிந்தது. இரண்டாவது மேலே போனது, முழங்கை மடங்கியது, நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டார்கள். ஜிபார் அபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதுக்கு வந்தவன் அவசரப்படவில்லை. கைகளில் சுண்ணப் பொடியைத் தேய்த்து, குனிந்து, பிடியைச் சரிபார்த்துத் தூக்கினான். அது அசையாமல் நின்றது.

தோளில் ஏந்தி, பிறகு மேலே தள்ளும் சுற்றில் அகன்ற மார்பு கொண்ட ஒரு நாரின் பையன் முந்திக்கொண்டிருந்தான். அவனைத் தாண்ட, குபாத் இதுவரை தூக்கியே பார்க்காத எடையை அசாத் கேட்டு வாங்கினார். குபாத் அதைத் தோளில் ஏந்திக் கீழே அமர்ந்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு தொடைகள் நடுங்க, மிக மெதுவாக எழ ஆரம்பித்தான்.

"எழுந்திருடா! அந்தத் தொடை என் ஆட்டுத் தொடை!" என்று கால்பூபூ கத்தினாள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

அவன் எழுந்தான். மூச்சை இழுத்துக்கொண்டு மேலே தள்ளினான். மூன்று விளக்கும் வெள்ளை.

விடுதிப் பள்ளிக்கு அவன் கிளம்பிய காலையில் பேருந்து நிலையத்தில் மினிபஸ் நிரம்பியிருந்தது. ஓட்டுநர் கடைசி வரிசையைக் காட்டினார். அபா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முன் சீட்டைக் குடுங்க தம்பி. பின்னாடி மூணு பேருக்கு நடுவுல இவன் தோளு அடங்காது."

ஓட்டுநர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முன்னால் உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதரிடம், "நீங்க பின்னாடி போங்க அண்ணே" என்றார்.